வேர்க்குரு

– ...கூழெல்லாம் வேணாங்க. தண்ணி மட்டும் குடுங்க, போதும்.

– குடிச்சிட்டு மொதல்ல குந்து. வேர்த்துக் கொட்டுது. வூட்லேர்ந்து வர்றியா, விழுப்புரத்துலேர்ந்து வர்றியா?

– விழுப்புரம் ஆபீசுலேர்ந்துங்க. காலைல பாசஞ்சர்ல ஏறி, திண்டிவனத்துல எறங்கி, நேரா உங்களப் பாக்கத்தான் வர்றேங்க.

– என்னா தேவசகாயம், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடற? போன மாசம் வரைக்கும் "சவுரியம்மாக்கா, இங்க வா, அங்க போ"தான?

– வயசுல பெரியவங்க... ஒரு மரியாதைதான்.

– போன மாசம் நான் என்னா, பாவாடை கட்டின பொண்ணா? ஊரு ஊரா சைக்கிள்ல போயி அம்மை குத்தற சர்க்காரு ஆளு, இந்த வெயில்ல என் குடிசைக்குள்ள வந்து குந்தியிருக்க. சும்மா வந்திருக்க மாட்ட. சொல்லு.

– சும்மாதாங்க்கா. பாத்துட்டுப் போலாம்னு... இந்தப் பைய வாங்கிக்க. உனக்குத்தான் எடுத்தாந்தேன்.

– என்னா இது, மருந்து வாசனை அடிக்கிது?

– கார்பாலிக் சோப்பு ரெண்டு கட்டி. கை கழுவற லைசால் ஒரு சீசா. முன்னாடி கட்டிக்கற வெள்ளை அங்கி, வாய்த்துணி நாலு. அடியில பாரு, ரப்பர் கையுறை. புதுசு. ரெண்டு ஜோடி.

– ரெண்டு ஜோடியா? அன்னிக்கி மிஷன் பள்ளிக்கூடத்துல, மருத்துவச்சிங்க நாங்க ஆறு பேரு, ஆளுக்கு ஒரு ஜோடி குடுக்கறதுக்கே என்னா பாடு படுத்தின. "மலேயாவ ஜப்பான்காரன் புடிச்சிக்கினான், இனிமே ரப்பரு எங்கேர்ந்து வரும், கிழிச்சிட்டு என்னாண்ட வந்து நிக்காதீங்க"ன்னு...

– அன்னிக்கி ஸ்டாக்கு கம்மி.

– அதுக்குத்தான ஒரு சட்டமும் போட்ட. "அம்மை கண்ட வூட்ல மட்டும் மாட்டுங்க. மத்த வூட்ல வெறுங்கையால பாருங்க. தெனம் மாட்டினா பத்து நாள்ல பிஞ்சிடும்." லட்சுமியம்மா கூட கேட்டா, "எந்த வூட்ல அம்மைன்னு உள்ள போறதுக்கு முன்ன எங்களுக்கு எப்படிப்பா தெரியும்"னு. நீ சிரிச்ச.

– அது ஆபீசு உத்தரவு.

– ஆபீசு உத்தரவா?

– ...இல்ல. நான் சொன்னதுதான். உறைய மிச்சம் புடிக்கலாம்னு பாத்தேன்.

– நல்லா மிச்சம் புடிச்ச. அடுத்த வாரமே லட்சுமியம்மா ஓமந்தூர் பக்கம் ஒரு வூட்டுக்கு உறை மாட்டிக்கினு போயிருக்கா. புள்ளத்தாச்சிக்கு லேசா காய்ச்சல், எதுக்கும் இருக்கட்டும்னு மாட்டியிருக்கா. அவ கையப் பாத்ததும் தெரு பூரா கூடிடுச்சாம். "இந்த வூட்ல ஆத்தா எறங்கிட்டா"ன்னு ஒரே பேச்சு. வூட்டுக்காரன் கட்டைய எடுத்துக்கினு வந்துட்டான், "என் வூட்ல இல்லாத நோவ கையில மாட்டிக்கினு வர்றியா"ன்னு. பாவம், மல்லாட்டைக் கொல்லையில எறங்கி கடலைச்செடிய மிதிச்சிக்கினு ஓடி வந்திருக்கா. அன்னியிலேர்ந்து எங்கள்ல எவளும் மாட்டறதில்ல. மாட்டிக்கினு ஒரு வூட்டுக்குள்ள நொழஞ்சா, அந்த வூட்டுக்கு டமாரம் அடிச்ச மாதிரி.

– அதெல்லாம் தெரியும்க்கா.

– தெரிஞ்சும் இன்னும் ரெண்டு ஜோடி எடுத்தாந்திருக்க. மாட்டிக்கினு நான் எங்க போறது? ரெண்டு வாரமா என் வாசல்ல ஒருத்தரும் வந்து நிக்கல. முந்தா நாளு அம்மணி மருமவளுக்கு வலி. நாலு வூடு தள்ளி இருக்கறவ. என்னக் கூப்பிடல. மூணு மைலு வண்டி கட்டிக்கினு போயி லட்சுமியம்மாள இட்டாந்தாங்க. வண்டி என் வூட்டத் தாண்டித்தான் போச்சி. அவ தலைய குனிஞ்சிக்கினா. நான் உள்ள வந்துட்டேன். இருபத்தி ரெண்டு வருசம், தேவசகாயம். இந்தச் சேரில ஓடிக்கினு இருக்கற புள்ளைங்க பாதிக்கு மேல என் கையில வுழுந்ததுங்க.

– கொஞ்ச நாளுதான். அடங்கிடும்.

– அடங்கறப்ப அடங்கட்டும். உன் பொண்டாட்டி பூமாலை எப்படி இருக்கா?

– இருக்கா.

– பால் எறங்குதா?

– எறங்குது.

– கொழந்த?

– நல்லா இருக்குது. மொகத்தப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சிருக்குது...

– கோயிலுக்கு எப்ப எடுத்துக்கினு போவ? சாமியாரு என்னாண்டயே கேட்டாரு. "குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாளு பொறந்த புள்ள, ஈஸ்டர் போயி மூணு ஞாயித்துக்கெழம ஆச்சி, இன்னும் ஞானஸ்நானத்துக்குக் கொண்டார்ல, தேவசகாயம் என்னா அஞ்ஞானி ஆயிட்டானா"ன்னு.

– நீ என்னா சொன்ன?

– தாயிக்கி ஒடம்பு தேறல சாமின்னேன். பொண்டாட்டிய வெளிய காட்டாம பொத்திப் பொத்தி வெச்சிருக்கியே, வேற என்னா சொல்றது?

– நல்லது பண்ண.

– நல்லதோ கெட்டதோ. விழுப்புரத்து பிரசவ வார்டுல ஆயா வேலை வாங்கித் தரேன்னியே, அது என்னாச்சி? மாசச் சம்பளம், வெள்ளைப் பொடவ, கூப்பிட்ட வூட்டுக்கெல்லாம் ஓட வேணாம்னு அடுக்கின.

– சொல்லிக்கினுதான் இருக்கேன். ஆனா இப்ப கேக்கற நேரம் இல்லக்கா. பொன்னி விசயம் முடியட்டும்.

– வந்துட்டியா பொன்னிக்கி. இதுக்குத்தான் இவ்ளோ நேரம் சுத்திக்கினு இருந்தியா?

– ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஐயா கோவமா இருக்காரு. பொன்னி தெருவுல ஒரு வூட்ல கூட அம்மை இல்ல. தலைப்பிரசவம்னு அவளும் ரெண்டு மாசமா வாசப்படி தாண்டல. வெளியாளு உள்ள வந்தது ஒரே ஒருத்திதான்னு மாமியார் சின்னபொண்ணு அடிச்சி சொல்லிட்டா.

– அது நான்.

– ஆமா.

– வேற என்னா சொன்னா?

– என்னா சொல்லுவா... மருமவள வாரிக் குடுத்துட்டு, புள்ளைக்கி ஆட்டுப்பால ஊத்திக்கினு குந்தியிருக்கேன்னு அழுதா. புருசன் துரைக்கண்ணு செவுத்தப் பாத்துக்கினு நின்னான்.

– பொன்னியும் என் கையில வுழுந்தவதான். பத்தொம்பது வயசு. நான் பாத்த பொண்ணு புள்ள பெறுறத நானே பாக்கறேன்னு அன்னிக்கி சின்னபொண்ணாண்ட பெருமையா சொல்லிக்கினேன். பன்னெண்டு நாள்ல காய்ச்சல். அப்பறம் முத்து போட்டு, மொகமே தெரியல, பூட்டா. கிட்ட வுடல என்ன. தெருக்கோடில நின்னுதான் பாத்தேன்.

– அக்கா...

– சொல்லு. எதையோ வாயில வெச்சிக்கினு மென்னுக்கினே இருக்க.

– ஐயா ஒரு காயிதம் கேக்கறாரு. உன்னோட வாக்குமூலம். என்னையே எழுதி வாங்கியாரச் சொல்லிட்டாரு. எழுதிட்டேன். ஒரு கைநாட்டு... அவ்ளோதான்.

– ஓ. அப்ப பையில சோப்பு மேல, காயிதம் அடியிலயா?

– அப்படி இல்லக்கா.

– அப்படித்தான். அந்த ரெண்டாவது ஜோடி உறைக்கி அர்த்தம் இப்பத்தான் தெரியிது. சரி, படி. எனக்கு எழுத்து தெரியாதுன்னு பாதிய முழுங்காத.

– "திண்டிவனம் சேரியில் குடியிருக்கும் மருத்துவச்சி சவுரியம்மாள் ஆகிய நான் மனப்பூர்வமாகக் கொடுக்கும் வாக்குமூலம்..."

– மனப்பூர்வமாவா? மேல படி.

– "எனக்கு சர்க்காரிலிருந்து ரப்பர் கையுறை, அங்கி, வாய்த்துணி, கை கழுவ மருந்து எல்லாம் கொடுக்கப்பட்டிருந்தன. நான் ரயில் ரோட்டு மண் வேலைக்கு வந்து தங்கியிருந்த கூலிக் கூட்டத்தில் அம்மை கண்ட ஒருத்தியைப் பார்த்துவிட்டு, கையும் கழுவாமல், புடவையும் மாற்றாமல், மேற்படி உறையையும் மாட்டாமல், தெரிந்தே போய் துரைக்கண்ணு மனைவி பொன்னிக்குப் பிரசவம் பார்த்தேன். பொன்னி இறந்தது என்னால்தான்." அவ்ளோதான்.

– அந்தக் கடைசிக்கி முன்னாடி வரிய இன்னொரு வாட்டி படி.

– "தெரிந்தே போய் துரைக்கண்ணு மனைவி..."

– தெரிந்தே.

– அது ஆபீசு பாசைக்கா. அப்படித்தான் எழுதணும். இல்லன்னா ஐயா திருப்பி அனுப்பிடுவாரு.

– ம்... கைநாட்டு வெச்சா என்னா ஆவும்?

– கேசெல்லாம் ஆவாது. லிஸ்ட்லேர்ந்து உன் பேர அடிப்பாங்க. இனிமே பிரசவம் பாக்கக் கூடாதுன்னு தமுக்கு போடுவாங்க. மீறிப் பாத்தாத்தான் போலீசு.

– அப்பறம் நான் என்னா வேலைக்கிப் போறது? களை எடுக்கவா? இந்த முட்டிய வெச்சிக்கினு குனிய முடியுமா?

– ஒரு வருசம் போவட்டும். எல்லாரும் மறந்ததும் வார்டுல சொல்லி...

– திரும்பவும் வார்டா. வெக்கலன்னா என்னா ஆவும்?

– வெக்கலன்னா ஐயாவே நேர்ல வருவாரு. அன்னிக்கி நீ எந்தெந்த வூட்டுக்குப் போனன்னு கேப்பாரு. ஒவ்வொரு வூட்டுக்கும் உள்ள போயி பாப்பாரு.

– உன் வூட்டுக்கும்.

– ...ஆமா.

– அந்தக் கூலிக் கூட்டம் இப்ப எங்க இருக்குது?

– போன மாசமே மூட்டைய கட்டிக்கினு பூட்டாங்க. எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியாது.

– நான் அவங்க கொட்டாய் பக்கம் கூட போனதில்ல. போனவங்க தலையில போட்டா திரும்பி வந்து கேக்க மாட்டாங்கன்னா? சொல்லேன். எழுதறப்ப கை கூசலியா?

– கூசிச்சி. நாலு காயிதம் கிழிச்சேன். அஞ்சாவது இது. விழுப்புரம் டேசன்ல வண்டி வந்து நின்னப்ப கூட ஏறலாமா வேணாமான்னு நின்னேன். ஏறிட்டேன். உன் மூஞ்சியப் பாத்துக்கினு எப்படிப் படிக்கப் போறேன்னு வழி பூரா நெனச்சேன். படிச்சிட்டேன். அவ்ளோதான் நானு.

– என் மூஞ்சிதான் மல்லாட்டை ஓடு மாதிரி குண்டும் குழியுமா இருக்குதே, அதப் பாக்கறதுக்கு என்னா வெக்கம்? ஏழு வயசுல ஆத்தா போட்டுட்டுப் போன கோலம்.

– வெளையாடாதக்கா. என்னத் திட்டு. திட்டினா கொஞ்சம் தேவலாம்.

– திட்டறதுக்கு நான் யாரு. எழுதினவன் நீ, நீயே சொல்லு. அன்னிக்கி என்னா நடந்துது?

– உனக்குத் தெரியாததா.

– நீ சொல்லணும். என்னாண்டயாவது ஒரு வாட்டி சொல்லு.

– ...குருத்தோலைக்கு மறுநாளு. காலைல பத்து மணி இருக்கும். நீ துணி மூட்டையோட வந்த. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க கெணத்தாண்ட தண்ணி சேந்திக்கினு நின்னாங்க. நீ வாசப்படியில நின்னு, "காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதாப்பா, உறைய மாட்டிக்கவா"ன்னு கேட்ட. சத்தமா கேட்ட. அவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

– கேட்டேன்.

– "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, பங்குனி வெயிலு, கழுத்துல கொஞ்சம் வேர்க்குரு"ன்னேன். நானும் சத்தமாத்தான் சொன்னேன். அவங்க காதுல வுழட்டும்னு.

– நல்லா வுழுந்துது.

– வேர்க்குரு இல்லக்கா. மூணாம் நாளு அது. நெத்தியில, முழங்கையில எழும்பிக்கினு இருந்துது. எனக்குத் தெரியாதா? ஆயிரம் பேருக்கு அம்மை குத்தினவன். எத்தினி வூட்ல பாத்திருக்கேன். அவ மேல போர்வைய இழுத்து வுட்டுட்டு வந்துதான் வாசல்ல நின்னேன்.

– ஊருக்கெல்லாம் குத்தின, பொண்டாட்டிக்கிக் குத்தலியா?

– குத்தல. கல்யாணம் ஆனப்பவே சொன்னேன். வலிக்கும், காய்ச்சல் வரும், வேணாம்னா. கெஞ்சினா. சரி, என் கையிலதான மருந்து இருக்குது, நம்ம வூட்டுக்கு எங்க வரப் போவுதுன்னு வுட்டுட்டேன். அப்பறம் மசக்கை வந்துது, இப்ப குத்தினா கருவுக்கு ஆவாதுன்னு நானே ஒரு சாக்கு சொல்லிக்கினேன். வல்லம் பக்கம் ஒரு ஊர்ல கைய நீட்ட மாட்டேன்னு ஓடின கெழவிய ரெண்டு பேரு புடிக்க, நான் குத்தியிருக்கேன். என் வூட்ல ஒரு பொம்பள கெஞ்சினதும் வுட்டுட்டேன்.

– அதுவா உனக்கு வெக்கம்?

– அதுதான் மொதல்ல. அம்மை குத்தறவன் பொண்டாட்டிக்கே அம்மைன்னா எவன் இனிமே கைய நீட்டுவான்? வேலையும் போவும். அவள தூக்கிக்கினு போயி ஊருக்கு வெளிய கொட்டாயில போட்டிருப்பாங்க, வலியோட. எத்தினி பேர நானே கொண்டு போயி போட்டிருக்கேன். அங்க என்னா நடக்கும்னு எனக்குத் தெரியும். நான் ஊரு பூரா போயி "மறைக்காதீங்க, மறைச்சா நாலு வூடு சாவும்"னு கத்தினவன். அந்த வார்த்தை எல்லாம் அன்னிக்கி காலைல என் வாசல்ல வந்து நின்ன மாதிரி இருந்துது. அப்பவும் வேர்க்குருன்னேன்.

– அப்பறம்?

– அப்பறம் நீ உறைய மூட்டையிலயே வெச்சிட்டு உள்ள போன. ரெண்டு மணி நேரம். புள்ள அழுத சத்தம் கேட்டுது. நீ வெளிய வந்து சிரிச்ச. வார்டு வேலை வாங்கித் தரேன்னு அப்பத்தான் சொன்னேன். உன் வாயக் கட்டறதுக்கு இல்லக்கா... மனசு தாங்காமத்தான் சொன்னேன். இல்ல, கட்டறதுக்கும்தான். ரெண்டும்தான்.

– ம்.

– நீ கெளம்பறப்ப துரைக்கண்ணு ஓடியாந்தான். பொன்னிக்கி வலி, ஜல்தியா வான்னு. என் கண்ணு முன்னாடிதான் கூப்பிட்டான். அந்த நேரத்துல நான் உன்னத் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கைய கழுவிட்டுப் போ"ன்னு ஒரு வார்த்தை. காரணம் கூட சொல்ல வேணாம். வாய் வரைக்கும் வந்துது. கெணத்தாண்ட அந்தப் பொம்பளைங்க இன்னும் நின்னுக்கினு இருந்தாங்க. நான் உள்ள பூட்டேன்.

– பொன்னிக்கி அம்மைன்னு எப்ப தெரிஞ்சுது உனக்கு?

– முத்து எழும்பின அன்னிக்கே. ஆபீசுக்குத் தகவல் வந்ததும் நான்தான் போயி பாத்தேன். திண்ணமா அம்மைதான்னு எழுதிக் குடுத்தேன். சின்னபொண்ணு என் கையப் புடிச்சிக்கினு, "நீ படிச்சவன், எங்கேர்ந்து வந்துது சாமி, எங்க தெருவுல யாருக்கும் இல்லியே"ன்னா. தெரியலம்மான்னேன். அந்தக் கைய இன்னும் எங்க வெக்கறதுன்னு தெரியல. சோறு எறங்கல. வூட்டுக்குப் போனா கொழந்த சிரிக்கிது. அந்தப் புள்ளைக்கி ஆட்டுப்பாலு, என் புள்ளைக்கித் தாய்ப்பாலு. பொன்னி செத்தது பூமாலைக்கித் தெரியாது. அவ மொகத்துல தழும்பப் பாத்து அழுவறா, கோயிலுக்கு எப்படி வருவேன்னு. தழும்புதானடின்னு சொல்றேன்.

– அழுவாத. தண்ணி இன்னும் இருக்குது, குடி.

– வேணாம்... அக்கா, இந்தக் காயிதம் பொய். மொத எழுத்துலேர்ந்து கடைசி எழுத்து வரைக்கும் பொய். நீ ஏமாந்து போயி உள்ள போனவ. நான் தெரிஞ்சி அனுப்பினவன். உன் தலையில போடறதுக்கு சோப்பும் சீசாவும் வாங்கிக்கினு வந்தேன் பாரு, தூ. நான் ஐயாவாண்ட போயி சொல்லிடறேன். வேலை போனா போவுது. மேல்சித்தாமூர் பக்கம் கொல்லை வேலைக்கிப் போறேன். இந்தா, உன் எதிர்லயே கிழிச்சிடறேன்.

– கிழிக்காத.

– வுடுக்கா கைய.

– குடு இப்படி. நீ சொல்ல வேண்டியத சொல்லிட்ட. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது, அது என்னுது.

– என்னாது?

– வேர்க்குருன்னு நீ சொன்னத நான் நம்பல.

– ...என்னாக்கா சொல்ற?

– பாய நவுத்தினேன், அடியில வேப்பிலை கெடந்துது. மாதா படம் மாட்டின வூட்ல வேப்பிலை எதுக்கு? அவ கையப் புடிச்சேன். தோலுக்கடியில கேப்பை கேப்பையா நெருடுது. ஏழு வயசுலேர்ந்து எனக்குத் தெரிஞ்ச நோவு, விரலுக்குத் தெரியாதா? பூமாலை என்னப் பாத்து கும்பிட்டா, சொல்லிடாதக்கான்னு. சரிம்மான்னேன்.

– அப்ப உறைய... உள்ளயாவது...

– உன் வூட்ல மாட்டாதது பெருசில்ல. எனக்கு ஒரு வாட்டி வந்தது இன்னொரு வாட்டி வராது. வெளிய வந்தப்பறம்தான். துரைக்கண்ணு முன்னால ஓடறான், நான் பின்னால போறேன். வழியில ஏரி மதகாண்ட தண்ணி ஓடிக்கினு இருந்துது. நின்னேன். மிஷன் பள்ளிக்கூடத்துல எங்களுக்கு பாடம் எடுத்த நர்சம்மா சொன்னது நெனப்பு வந்துது, ஒரு வூட்டு நோவ இன்னொரு வூட்டுக்கு நம்ம கைதான் கொண்டு போவும்னு. லைசால் மடியிலதான் இருந்துது. உறை மூட்டையிலதான் இருந்துது.

– ஏங்க்கா... ஏன் கழுவல?

– அதுல கழுவினா வாசனை வரும். உறைய மாட்டினா டமாரம். போயிட்டு வந்த வூட்ல என்னா நோவுன்னு சின்னபொண்ணு கேப்பா. உன் பேரு வரும், உன் வேலை போவும். நீ பூட்டா எனக்கு வார்டு வேலைய யாரு வாங்கித் தருவா? இதத்தான் நெனச்சேன், தேவசகாயம். வெள்ளைப் பொடவைய நெனச்சேன். பொன்னிய நெனக்கல. நடந்து போயி வெறுங்கையால அவள தொட்டேன். நீ எழுதின காயிதம் பொய் இல்ல. அந்தக் கூலிக் கூட்டத்த மட்டும் அடிச்சிட்டு, அங்க உன் வூட்ட எழுது. தெரிந்தேங்கறத அடிக்காத, அது அப்படியே இருக்கட்டும். மைய எடு, எந்த எடத்துல வெக்கணும்னு காட்டு.